நோயர் நாவும் மருத்துவர் எழுதுகோலும்

(மேற்குச் சென்னைப் புறநகர் மருத்துவ மாணவரும் தமிழன்பரும் அம்பத்தூரில் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மருத்துவன், தமிழ்ப் புலவன் அல்லேன். தமிழின் பெருமையைப் பேசுமாறு அழைத்திருந்தால் வந்திரேன். அதனைப் பேச வல்லார் பலர் உளர். மருத்துவ மாணவர் பெறும் பயிற்சியில் ஒரு சிறு மூலையைப் பற்றியே பேச வந்துள்ளேன். அந்த மூலையில் தமிழ் இல்லாமையால் ஒரு மாந்தனின் விடுதலையும், சிலபோழ்து அவன் உயிருமே, எவ்வாறு ஊசலாடுகின்றன என்பதை உங்கள்முன் வைப்பதே என் நோக்கம்.

அம்பத்தூரிலிருந்து பாடி, வில்லிவாக்கம் வழியே கிழக்கு நோக்கிச் சென்றால் அயனாவரம் வரும். அங்குள்ள அரசு உளநல மருத்துவமனையை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அதன் பெயரை எவரும் சொல்வதில்லை; 'கீழ்ப்பாக்கம்' என்றே சொல்வர். ஓர் ஊரின் பெயரையே வசைச் சொல்லாக்கி, 'அவனைக் கீழ்ப்பாக்கத்தில் சேர்' என்று எள்ளி நகையாடும் வழக்கம் நம்மிடம் உள்ளது. நம் திரைப்படங்களும் அதனைப் பன்முறை பாடிக் களித்துள்ளன. அந்த மதிலுக்குள் இருப்போரும் நம்மைப் போன்ற தமிழ் மக்களே என்பதை மறந்துவிட்டுத்தான் நாம் சிரிக்கிறோம்.

கிழக்கிந்தியக் குழும ஆட்சியில் 1794-ஆம் ஆண்டு சென்னையில் தோன்றிய அந்தக் காப்பகம், 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் 'இலோகாக்கு தோட்டம்' எனப்பட்ட இடத்துக்கு மாறியது. 1922-இல் 'காப்பகம்' என்னும் பெயர் நீங்கி 'மருத்துவமனை' என்னும் பெயர் வந்தது. அடைத்து வைக்கும் இடம், நோய் தீர்க்கும் இடமாகக் கருதப்படுவதற்கே நூற்றிருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. 1961 முதல் 1978 வரை அதற்குத் தலைமை தாங்கிய மருத்துவர் சாரதா மேனன், நோயரை வீட்டுக்கும் ஊருக்கும் மீட்டுத் தருவதே மருத்துவத்தின் முடிபு என்று உழைத்தார். 1984-இல் அவர் தொடங்கிய உளச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் அண்டையிலேயே, அண்ணாநகர் மேற்கில் இன்றும் இயங்குகிறது. 1993-இல் வந்தனா கோபிகுமார், வைசுணவி செயக்குமார் என்னும் இரண்டு இளம்பெண்கள் தொடங்கிய அமைப்பு, தெருவில் திரிந்த உளநோய்ப் பெண்களுக்காக முகப்பேரில் ஒரு மனை அமைத்து, அதற்கு 'அடைக்கலம்' என்று பெயரிட்டது. அந்த ஒரு சொல்லில் எத்துணை ஆறுதல் உள்ளது என்று பாருங்கள். 'கீழ்ப்பாக்கம்' என்ற சொல்லைக் கேட்டால் நோயர் நடுங்குகிறார். 'அடைக்கலம்' என்ற சொல்லைக் கேட்டால் உள்ளே வருகிறார். உளநோய் மருத்துவத்தில் சொல்லும் ஒரு மருந்து என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

மன்ற உளமருத்துவம்

கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் ஒரு பகுதி, அறமன்றங்களும் சிறைகளும் அனுப்பும் நோயர்க்கு உரியது. அம்பத்தூரிலோ பூவிருந்தவல்லியிலோ ஒரு குற்ற வழக்கு நடக்கின்றது. குற்றஞ்சாட்டப்பட்டவர் நிலையற்றுப் பேசுகிறார். அவர் உள்ளம் நிலைபிறழ்ந்துள்ளதா என்று ஐயம் எழுகின்றது. அப்பொழுது நடுவர் அவரை மருத்துவரிடம் அனுப்புகிறார். மருத்துவர் அவரை உள்நோயராக வைத்துப் பன்னாள் கூர்ந்து நோக்கி, அறிக்கை எழுதுகிறார். இந்த அறிவுத்துறைக்கு மேலை நாட்டார் இட்ட பெயர் இலத்தீன மொழியின் 'போரம்' என்ற சொல்லினின்று பிறந்தது. ஊரார் கூடி வழக்குரைத்த வெளிக்கு உரோமர் வழங்கிய பெயர் அது. நமக்கு அச்சொல் புதிதன்று. 'மன்றம்' என்பது அதுவே. ஆகலின் இத்துறையை 'மன்ற உளமருத்துவம்' என்று சொல்வோம்.

மாணவர்களே, இத்துறையில் உங்களுக்குக் கிடைக்கும் பயிற்சிக்காலம் மிகக் குறுகியது. பயிற்சி மருத்துவராக நீங்கள் கழிக்கும் ஓராண்டில் உளமருத்துவத்துக்கு இரண்டு கிழமைகளே ஒதுக்கப்பட்டுள்ளன. அதனுள் மன்றப் பகுதியைக் காணும் வாய்ப்பு சிலர்க்குச் சில நாள்களே. ஆயினும் நாளை நீங்கள் ஆவடியிலோ திருவள்ளூரிலோ ஓர் அரசு மருத்துவமனையில் இரவுப் பணியில் இருக்கும்பொழுது, காவலர் ஒருவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து 'இவர் நிலையைப் பார்த்து எழுதிக் கொடுங்கள்' என்று கேட்கத்தான் போகிறார்கள். அன்று நீங்கள் எழுதும் நான்கு வரி, ஆண்டுகள் பல கடந்த பின்னும் அறமன்றத்தில் படிக்கப்படும்.

ஆகலின் மூன்று வினாக்களை ஒன்றோடொன்று குழப்பாமல் பிரித்தறியக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் வினா: செயல் நிகழ்ந்த பொழுதில் அவர் உள்ளம் எந்நிலையில் இருந்தது? இது இறந்தகாலத்தைப் பற்றியது. இரண்டாம் வினா: தம்மேல் சுமத்தப்பட்ட குற்றம் இன்னதென்றும், நடுவர் யார், தமக்காகப் பேசும் வழக்குரைஞர் யார் என்றும் உணர்ந்து, தம் தரப்பைச் சொல்லும் ஆற்றல் இன்று அவர்க்கு உண்டா? இது நிகழ்காலத்தைப் பற்றியது. மூன்றாம் வினா: அவரை வெளியில் விட்டால் அவர்க்கும் பிறர்க்கும் தீங்கு நேருமா? இது எதிர்காலத்தைப் பற்றியது. ஒன்றுக்குரிய விடையை மற்றொன்றுக்கு எழுதிவிட்டால் ஒரு வாழ்வே திசை மாறிப் போகும். இன்று நலமாக இருப்பவர் செயல் நிகழ்ந்த அன்றும் நலமாகவே இருந்திருப்பார் என்பது இல்லை. அன்று பித்தேறியிருந்தவர் இன்றும் பேச வல்லார் அல்லர் என்பதும் இல்லை.

2017-ஆம் ஆண்டின் உளநலப் பேணுகைச் சட்டம் மற்றொன்றையும் தெளிவாகச் சொல்கிறது. ஒருவர்க்கு உளநோய் உண்டு என்பதனாலேயே அவர் நிலைபிறழ்ந்தவர் என்று ஆகிவிடாது. அவ்வாறு அறிவிக்கும் உரிமை உரிய அறமன்றத்துக்கே உண்டு. மருத்துவர் நோயைச் சொல்லலாம். தீர்ப்பைச் சொல்லுதல் கூடாது.

'அறிந்திலன்' என்பதன் பொருள்

இனி, சட்டம் எதனைக் கேட்கிறது என்று காண்போம். 1843-இல் இலண்டனில் தானியேல் மெக்நாட்டன் என்னும் மரக்கடைசல் தொழிலாளி, தலைமையமைச்சர் இராபர்ட்டு பீலின் செயலர் எட்வர்டு திரமண்டு என்பவரைச் சுட்டுக் கொன்றான். ஆளுங்கட்சியினர் தன்னை ஊர் ஊராகத் துரத்தித் துன்புறுத்துவதாக அவன் நம்பினான். மருத்துவர் பலர் சான்று கூறினர். அவன் குற்றவாளி அல்லன் என்று தீர்ப்பாயிற்று. அவன் உளநோய்க் காப்பகத்தில் அடைக்கப்பட்டான். அத்தீர்ப்பு எழுப்பிய பூசலின் விளைவாக வகுக்கப்பட்ட நெறிகள் ஆங்கில நாட்டில் நிலைத்தன. அவற்றை ஒட்டியே 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டச் சட்டத்தில் 84-ஆம் பிரிவு அமைந்தது. 2024 சூலை முதல் நாள் தொட்டு அச்சட்டத்தின் இடத்தில் 'பாரதீய நியாய சங்கிதை' வந்துள்ளது. அதில் இது 22-ஆம் பிரிவு. சட்டத்தின் பெயரே தமிழர் நாவில் ஏறாத வடமொழியில் அமைந்ததைப் பற்றிப் பேசத் தனிக் கூட்டம் வேண்டும். அதனை இங்கு விடுப்போம். பிரிவின் பொருள் மாறவில்லை. செயல் செய்த பொழுதில், உள்ளம் நிலைபிறழ்ந்தமையால், தான் செய்வது இன்னதென்றோ, அது தவறென்றோ, சட்டத்துக்கு மாறானதென்றோ அறியமாட்டாத நிலையில் இருந்தவன் செய்தது குற்றமாகாது.

'அறியமாட்டாத' என்ற சொல்லை உள்ளத்தில் பதித்துக்கொள்ளுங்கள். வழக்கின் முழு எடையும் அதன்மேல்தான் நிற்கின்றது.

மெக்நாட்டன் வழக்கில் நாம் பெரும்பாலும் எண்ணிப் பாராத ஒன்று உண்டு. கொன்றவன் பேசிய மொழி ஆங்கிலம். அவனை ஆய்ந்த மருத்துவர் மொழி ஆங்கிலம். வழக்குரைஞர் மொழியும், நடுவர் மொழியும், தீர்ப்புரைத்த சான்றோர் குழுவின் மொழியும் ஆங்கிலமே. அவன் சொன்ன சொல் எந்தப் பாலத்தையும் கடக்காமல் நேரே தீர்ப்புரைப்போர் செவியை அடைந்தது. நம் நாட்டிலோ, அந்தச் சட்டம் மட்டும் வந்தது; அதன் அடிப்படையாகிய ஒரே மொழி வரவில்லை.

ஓர் எடுத்துக்காட்டு கூறுகிறேன். இது எவர் வழக்கும் அன்று. நீங்கள் எண்ணிப் பார்ப்பதற்காகச் சொல்வது. ஆவடிப் பக்கத்துத் தொழிலாளி ஒருவர் தம் உறவினரை அடித்துவிட்டார், அவர் இறந்துவிட்டார். மருத்துவ மாணவர் வினவுகிறார். அவர் தலைகுனிந்து, "தெரியாமப் பண்ணிட்டேங்க ஐயா" என்கிறார். மாணவர் அதனை ஆங்கிலத்தில் ஆக்குகிறார்: தான் செய்தது இன்னதென்று அறியாமல் செய்ததாக நோயர் கூறுகிறார். 22-ஆம் பிரிவு கேட்கும் சொல்லே அங்கு வந்து அமர்ந்துவிட்டது! ஆனால் தமிழில் அதன் பொருள் என்ன? பாலைக் கொட்டிய சிறுவனும், கடன் வாங்கிய தந்தையும், தவறு செய்த எவரும் வருந்தி மன்னிப்பு வேண்டும்பொழுது சொல்லும் சொல் அது. 'செய்திருக்கக் கூடாது, செய்துவிட்டேன், பொறுத்தருள்க' என்பதே அதன் பொருள். அது தவறென்று அறிந்தவன் வாயிலிருந்தே வருவது. அறியாமையைக் குறிப்பதாக மாணவர் எழுதிய சொல், உண்மையில் அறிந்தமையின் அடையாளம். மற்றொரு பொழுது, வேறொருவர் அதே சொல்லை உண்மையாகவே, தம் கை செய்ததைத் தாம் உணரவில்லை என்னும் பொருளிலும் சொல்லக்கூடும். எது எப்பொருள் என்பதைக் குரலும், முகமும், முன்பின் பேச்சும் காட்டும். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒற்றை வரி அதனைக் காட்டாது.

இன்னொன்று. "பொண்டாட்டி மருந்து வெச்சிட்டா" என்கிறார் ஒருவர். இதனை 'மனைவி மருந்து கொடுத்தாள்' என்று எழுதினால் அது நலம் பேணிய செய்தி. 'மனைவி நஞ்சிட்டாள்' என்று எழுதினால் அது துன்புறுத்தப்படுவதாகக் கொண்ட மருட்சி நம்பிக்கை, உளச்சிதைவின் அறிகுறி. அவர் சொன்னதோ இடுமருந்து. அது நோயில்லாத ஊரார் பலரும் நம்புகின்ற ஒன்று. ஒருவர் தம் குமுகாயத்தார் அனைவரும் கொண்டுள்ள நம்பிக்கையைத் தாமும் கொண்டிருந்தால் அது மருட்சி ஆகாது என்பது உளமருத்துவத்தின் அடிப்படைப் பாடம். நம்பிக்கை சரியா தவறா என்பதன்று ஆங்கு வினா. அது ஊரோடு ஒட்டியதா, ஊரினின்று பிரிந்து அவரை மட்டும் பற்றியதா என்பதே. இடுமருந்து என்றால் என்னவென்று அறியாத எழுதுகோல் இவ்வினாவை எவ்வாறு கேட்கும்?

'சாமி வந்து சொல்லிச்சு' என்பதும் அத்தகையதே. ஆடித் திங்களில் கோயில் வாயிலில் சாமியாடுதல் வேறு. கொல்லுமாறு ஏவும் குரல் ஆளில்லா இடத்தில் இரவெல்லாம் காதில் ஒலித்தல் வேறு. 'சும்மாதான் அடிச்சேன்' என்பதில் 'சும்மா' என்பதற்கு மெல்ல என்றும், கரணியம் இன்றி என்றும், விளையாட்டாக என்றும், கேட்பவரிடமிருந்து நழுவுதற்காக என்றும் பொருள்கள் உண்டு. இவற்றுள் ஒன்று அவரை நோயர் ஆக்கும். மற்றொன்று கொலைஞர் ஆக்கும்.

பயிற்சியில் பழமொழி ஆய்வு என்று ஒன்று உண்டு. பழமொழி ஒன்றைச் சொல்லி அதன் உட்பொருளைக் கேட்பது அது. சிந்தனை நேர்ப்பொருளிலேயே தேங்கி நிற்கின்றதா, உட்பொருளுக்கு ஏறுகின்றதா என்பதை அது காட்டும். ஆங்கிலப் பொத்தகத்தில் உருளும் கல்லும் கண்ணாடி வீடும் இருக்கின்றன. அவற்றைத் தமிழாக்கிக் கேட்டால் நன்னிலையில் உள்ளவரும் விழிப்பார். 'யானைக்கும் அடி சறுக்கும்' என்று கேட்டுப் பாருங்கள். 'யானை வழுக்கி விழும்' என்பவர் வேறு. 'பெரியவங்களுக்கும் தப்பு நேரும்' என்பவர் வேறு. ஆய்வுக்கருவி நோயர் மண்ணில் விளைந்ததாக இல்லாவிடின், நாம் அளப்பது நோயையன்று, நம் அறியாமையையே.

எழுதாத சொல்லும் எழுதிய சான்றும்

மருத்துவர் எழுதுகோலுக்கு இத்துணை ஆற்றல் உண்டா என்று எவரேனும் ஐயுற்றால், அசாம் நாட்டு மச்சாங்கு இலாலுங்கு என்பவரின் வாழ்வைப் படிக்கட்டும். திவா என்னும் பழங்குடியைச் சார்ந்தவர் அவர். 1951-இல் தளைசெய்யப்பட்டுத் தேசுப்பூர் உளநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1967-இல் அவர் நலமுற்றார் என்று மருத்துவர்கள் சான்று கொடுத்தனர். ஆயினும் அவர் ஊர் திரும்பவில்லை, சிறைக்கே அனுப்பப்பட்டார். வழக்கு உசாவப்படாமலேயே ஆண்டுகள் ஓடின. 2005-இல், ஓர் உருவா பிணையின்மேல் அவர் விடுவிக்கப்பட்டபொழுது ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. இருபதுகளில் உள்ளே சென்ற இளைஞர் எழுபதுகளில் முதியவராய் வெளிவந்தார். மருத்துவர் சான்று எழுதினார். அதனைப் படிப்பார் இல்லை. அவர் பேசினார், அதனைக் கேட்பார் இல்லை.

இது தனியொரு கேடும் அன்று. பீகாரில் அசாரிபாக்குச் சிறையில் நலமுற்ற பின்னும் பல்லாண்டுகள் அடைபட்டுக் கிடந்தோரைப் பற்றி 1982-இல் இந்தியத் தலைமை அறமன்றம் கண்டித்துரைத்தது. குற்றமே செய்யாத உளநோயரைச் சிறையில் அடைப்பது சட்டத்துக்கு மாறானது என்று 1993-இல் அதே மன்றம் தீர்ப்புரைத்தது. அதற்கு முன்னர், நோயுற்றமையே சிறைபுகுவதற்குப் போதுமானதாக இருந்தது!

மறுபக்கத்தையும் மறவாதீர். சோவியத்து நாட்டில் அரசை எதிர்த்துப் பேசியவர்களை உளநோயர் என்று மருத்துவர்களே எழுதிக் கொடுத்து அடைத்து வைத்தனர். உலகின் கண்டனத்துக்கு அஞ்சி, 1983-இல் அந்நாட்டு உளமருத்துவர் கழகம் உலக உளமருத்துவக் கூட்டமைப்பினின்று விலகிக்கொண்டது. நோயரை நலமுடையவர் என்று எழுதுவதும் தீங்கு. நலமுடையவரை நோயர் என்று எழுதுவதும் தீங்கு. எவருடைய சமய, இன, அரசியல் சார்பும் உளநோய்க்குச் சான்றாகக் கொள்ளப்படுதல் கூடாதென்று நம் 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் கூறுகிறது.

தமிழில் இயலுமா?

'இவையெல்லாம் சரி, ஆனால் மருத்துவத்தைத் தமிழில் எப்படிக் கற்பிப்பது?' என்பார் உளர். இவ்வினாவுக்கு விடை யாழ்ப்பாணத்தில் நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டது. சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் மானிப்பாயில் மருத்துவப் பள்ளி நடத்தினார். 1864 முதல் அங்கே தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு, அறுவை, வேதியல் நூல்களைத் தமிழில் அச்சிட்டார். 'இரணவைத்தியம்', 'கெமிஸ்தம்' என்று அவர் இட்ட பெயர்களில் தூய்மை இல்லை என்று நாம் குறை கூறலாம். ஆனால் அயல்நாட்டார் ஒருவர் துணிந்து செய்ததை நாம் செய்யவில்லை என்ற குறை அதனினும் பெரிதன்றோ? 2022-இல் மத்தியப் பிரதேசத்தில் இந்தியில் மருத்துவக் கல்வி தொடங்கப்பட்டது. இந்திக்கு இயல்வது தமிழுக்கு இயலாது என்று எவர் சொல்லத் துணிவார்?

ஆங்கில நூல்களைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்ப் பகுப்பை ஒட்டியே நம் சட்டமும் நோயை அறுதியிடுகிறது; அதனை நீங்கள் ஐயந்திரிபறக் கற்கவேண்டும். ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஆங்கிலத்தில் வருகின்றன, அவற்றைப் படிக்கவேண்டும். கற்பது எம்மொழியிலும் ஆகுக. ஆனால் கேட்பது நோயர் மொழியிலேயே ஆகவேண்டும். கேட்டதை எழுதுவது, கேட்ட மொழியிலேயே ஆகவேண்டும்.

இது வெறும் மொழிப்பற்றுமன்று, சட்டமே கேட்பது. உளநலப் பேணுகைச் சட்டத்தின்படி, மருத்துவத்துக்கு ஒருவர் தரும் இசைவு, அவர் புரிந்துகொள்ளும் மொழியில் எல்லாம் எடுத்துரைக்கப்பட்ட பின்னரே இசைவாகும். முடிவெடுக்கும் ஆற்றலை ஆயும்பொழுதும் அவர் அறிந்த எளிய மொழியில் சொல்லவேண்டும் என்கிறது 4-ஆம் பிரிவு. மன்றப் பகுதியிலோ இதற்கு மேலும் ஒரு கடமை உண்டு. பிற நோயரிடம், 'நீங்கள் சொல்வது நம் இருவர்க்குள் இருக்கும்' என்று மருத்துவர் உறுதி கூறலாம். இங்கு அவ்வாறு கூறுதல் இயலாது. 'நீங்கள் சொல்வதை நான் அறமன்றத்துக்கு எழுதி அனுப்புவேன்' என்று முதலிலேயே, அவர்க்கு விளங்கும் தமிழில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் கேட்டது நோயாய்வு ஆகாது; ஒற்றாடல் ஆகும்.

அறிக்கை சென்று சேரும் இடத்தையும் எண்ணுங்கள். 1956-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் அதன் 1976-ஆம் ஆண்டுத் திருத்தமும் தமிழ்நாட்டின் கீழ் அறமன்றங்களில் சான்றும் தீர்ப்பும் தமிழில் அமைய வழிவகுத்துள்ளன. குற்றஞ்சாட்டப்பட்டவர் தமிழர், அவரை இரவும் பகலும் பார்த்துக்கொள்ளும் செவிலியரும் உதவியாளரும் தமிழர், சான்று கூறும் தாயும் அண்டை வீட்டாரும் தமிழர், நடுவரும் தமிழறிந்தவர். இடையில் மருத்துவர் அறிக்கை மட்டும் ஆங்கிலத்தில் நிற்கின்றது. தமிழில் கேட்டதை ஆங்கிலத்தில் எழுதி, அதனை மீண்டும் தமிழில் சொல்லும் இருமுறைப் பெயர்ப்பில் நோயர் குரல் இருமுறை சிதைகின்றது. உயர் அறமன்றத்தில் தமிழ் வழக்குமொழி ஆகவேண்டும் என்று 2006-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியும் அது இன்னும் நிறைவேறவில்லை. அந்தக் கதவு திறக்கும்வரை, மேல்முறையீட்டுக்காக ஆங்கிலப் படி ஒன்று இணைக்கப்படட்டும். மூலம் தமிழில் இருக்கட்டும்.

தூய்மை எங்கு வேண்டும்?

தமிழன்பர்களே, உங்களுக்கும் ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். நோயர், "வக்கீல் வரல, ஜட்ஜ் ஐயா பெயில் குடுக்கல, மண்டைக்குள்ள ரேடியோ பாடுது" என்று சொல்கிறார். அதனை நாம் 'வழக்குரைஞர் வரவில்லை, நடுவர் பிணை தரவில்லை, வானொலி பாடுகின்றது' என்று தூய்மைப்படுத்தி எழுதினால், நாமும் பொய்ச்சான்று எழுதியவர் ஆவோம். நோயர் பேச்சு ஒரு தடயம். குருதி தோய்ந்த துணியை வெளுத்துக் கொடுப்போமா? அவர் சொன்னது சொன்னபடியே, கொச்சையும் கலப்பும் திக்கலும் நிறுத்தமும் மாறாமல், மேற்கோளிட்டு எழுதப்படவேண்டும். சொல் சிதைந்து வருவதே சிந்தனைச் சிதைவின் அடையாளமாகவும் இருக்கலாம். தூய தமிழ் வேண்டிய இடம் நம் விளக்கம், நம் முடிபு, நம் அறிக்கை. அங்கே 'சித்த சுவாதீனமற்றவர்' என்று எழுதாதீர்கள். தாய்க்கு விளங்காத அச்சொல்லை எழுதுவதனால் எவர்க்கு நன்மை? 'உள்ளம் நிலைபிறழ்ந்தவர்' என்று எழுதுங்கள். பைத்தியக்காரன் என்று எங்கும் எழுதாதீர்கள், பேசவும் பேசாதீர்கள். தூய்மை நம் எழுதுகோலுக்கு; உண்மை அவர் நாவுக்கு.

மற்றொன்றும் உண்டு. இந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை இன்று சுற்றிப் பாருங்கள். ஒடியரும் பீகாரியரும் வங்காளியரும் பல்லாயிரவர் உழைக்கின்றனர். அவருள் ஒருவர் உளங்கலங்கித் தெருவில் திரிந்து, காவலர் கையில் அகப்பட்டு, நம் மருத்துவமனைக்கு வருகின்றார். அவர் பேசும் ஒடிய மொழி அங்கு எவர்க்கும் விளங்கவில்லை என்றால், நம் மக்களுக்கு ஆங்கிலம் செய்த அதே கொடுமையை நாம் தமிழால் அவர்க்குச் செய்தவர் ஆவோம். தாய்மொழியில் பேசிக் கேட்கப்படும் உரிமை தமிழர்க்கு மட்டும் உரியதென்றால் அது உரிமையன்று, சலுகை. அவர்க்கு அவர் மொழியறிந்த நம்பத்தகுந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும். பக்கத்துப் படுக்கையில் இருப்பவரை வைத்து ஒப்பேற்றுதல் கூடாது. தன் தாய்மொழியை மதிப்பவனே பிறன் தாய்மொழியின் அருமையை அறிவான்.

செய்ய வேண்டுவன

மாணவச் செல்வங்களே, அரசாணைக்குக் காத்திராமல் நாளையே நீங்கள் தொடங்கக்கூடியவை சில உண்டு.

ஒன்று: நோயர் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் அவர் சொன்னதை அவர் சொல்லாலேயே தமிழில் எழுதுங்கள். மருத்துவக் கலைச்சொல் அதன்கீழ் வரட்டும்.

இரண்டு: உளநிலையைக் குறித்து மக்கள் வழங்கும் சொற்களைத் தொகுங்கள். நெல்லையிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வேலை தேடி வந்து குடியேறிய ஊர்கள் இவை. தெருவுக்குத் தெரு பேச்சு மாறும். அச்சொற்களின் தொகுப்பு ஒன்று மருத்துவமனைதோறும் இருக்கட்டும்.

மூன்று: செவிலியரும் உதவியாளரும் சொல்வதைக் கேளுங்கள். நோய் இருப்பதாக நடிப்பவர் மருத்துவர் முன் நடிப்பார்; நள்ளிரவில், எவரும் பார்க்கவில்லை என்று எண்ணும்பொழுது அயர்ந்து உறங்குவார். உண்மை நோயர் தம் நோயை மறைப்பதும் உண்டு. மருத்துவர் அரைமணி பார்க்கிறார். அவர்கள் நாள் முழுதும் பார்க்கிறார்கள். அவர்கள் தமிழில் எழுதும் குறிப்பு ஆங்கில அறிக்கையில் இடம்பெறாமல் போவது பேரிழப்பு.

நான்கு: தேர்வில் ஒரு நோயர் வரலாற்றையேனும் தமிழில் உரைக்க இசைவு வேண்டுமென்று உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். முறையாகக் கேளுங்கள், மறுத்தால் மீண்டும் கேளுங்கள்.

ஐந்து: ஐயம் இருப்பின் ஐயம் என்றே எழுதுங்கள். 'இப்பொழுது முடிபு கூறல் இயலாது. மேலும் சில நாள் நோக்கவேண்டும்' என்று எழுதுவது இழுக்கன்று. அறியாததை அறிந்ததாக எழுதுவதே இழுக்கு.

அன்பர்களே, மொழி உரிமை என்றால் மேடையும் கொடியும் ஊர்வலமும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால், தன் பெயரையும் மறந்த ஒருவர் தட்டுத் தடுமாறித் தமிழில் ஒரு சொல் சொல்கிறார். அச்சொல்லைக் கேட்க ஒரு மருத்துவர் இருக்கிறாரா? கேட்டதைக் கேட்டபடி எழுத ஓர் எழுதுகோல் இருக்கிறதா? எழுதியதை எழுதியபடி படிக்க ஓர் அறமன்றம் இருக்கிறதா? இம்மூன்றும் அமைந்த அன்றே தமிழ்நாட்டில் தமிழ் ஆட்சிமொழி ஆயிற்று என்று நாம் உண்மையாகச் சொல்லலாம்.

அந்த எழுதுகோல் இனி உங்கள் கையில்.